கழுத்துக்குச் சொன்ன முத்து

என் மாமாவிடம், அதாவது அம்மாவின் அண்ணனிடம், ஒரு வேலையைச் சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்தவர் எங்கள் குப்பத்தில் ஒருவரும் கிடையாது. உப்பு வாங்கிவரச் சொன்னால் உமியோடு வந்து நிற்பார். கேட்டால், "உமின்னுதான் காதுல வுழுந்துது" என்பார். வலைக்காரர் குடும்பத்தில் பிறந்தும், படகில் ஏறினாலே குடலைப் பிடுங்கிக்கொண்டு வாந்தி வரும் அவருக்கு. பழவேற்காட்டுக் கோட்டையில் உலாந்தாக்காரர்கள், அதாவது டச்சுக்காரர்கள், இருந்த காலம் அது. அவர்கள் கப்பலேற்றும் துணிகளில் பூவும் கொடியும் எழுதும் சாயக்கொட்டகையில் போய் உட்கார்ந்து, அந்த வேலையைக் கற்றுக்கொண்டுவிட்டார்.

அந்தக் கோடையில் அக்காவுக்கு அம்மை கண்டது. அதை அப்படிச் சொல்லக்கூடாதாம். "அம்மா வந்திருக்கா" என்றுதான் சொல்ல வேண்டும். கொப்புளத்துக்குப் பெயர் முத்து. வீட்டில் தாளிக்கக் கூடாது, மீன் வாசனையே ஆகாது. ஏரி நிறைய மீனை வைத்துக்கொண்டு வெறும் கஞ்சியைக் குடித்த எரிச்சல் எனக்கு இன்றுவரை தீரவில்லை. அக்கா கஞ்சிக் கலயத்தைக் காலால் தள்ளினால் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு, "கோவம் வேணாம் தாயே" என்று கும்பிடுவாள். நான் தள்ளியிருந்தால் முதுகுத் தோல் உரிந்திருக்கும்.

மகள் பிழைத்தால் ஆடிக் கூழுக்கு அம்மனைத் துணியில் எழுதிக் கட்டுவதாக அம்மா வேண்டிக்கொண்டாள். அக்கா பிழைத்தாள். ஆனால் நெற்றி, கன்னம், மூக்கு என்று முகம் முழுக்கத் தழும்பு. அவள் வாசற்படி தாண்டவே மாட்டேன் என்றாள். ஏரிக்கு நடுவே இருக்கும் பசியாவரத்தில் அவளுக்குப் பேசிவைத்திருந்த மாப்பிள்ளையின் தாயார், படகுக்காரரிடம் சொல்லி அனுப்பினாள்: "கூழுக்கு வர்றோம். பொண்ணு மொகத்தப் பாத்துட்டு அப்பால பேசிக்கலாம்." அதைக் கேட்ட நாளிலிருந்து நைனா யாரிடமும் பேசாமல், கிழியாத வலையையும் எடுத்து வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார்.

இந்த நிலைமையில்தான் அம்மா மாமாவிடம் துணியைக் கொடுத்து, "அண்ணா, அம்மனுக்கு முத்து நெறைய வெச்சு எழுது. கஞ்சத்தனம் பண்ணாத" என்றாள். முத்துமாலை, முத்துமூக்குத்தி, காதில் முத்துத்தோடு. அவள் மனத்தில் இருந்தது அது. யாரிடம் சொல்கிறோம் என்பதைத்தான் மறந்துவிட்டாள்.

கொட்டகைக்கு நானும் போய்ப் பார்த்தேன். கடுக்காய்ச் சாற்றில் தோய்த்துக் காயவைத்த துணியில், அம்மன் கறுப்புக் கோட்டில் கம்பீரமாக உட்கார்ந்திருந்தாள். மாமா மூங்கில் குச்சியைப் படிகாரத் தண்ணீரில் நனைத்து அவள் முகத்தில் தொட்டுத் தொட்டு எடுத்தார். தொட்ட இடத்தில் ஒன்றுமே தெரியவில்லை.

"இன்னா மாமா பண்றே?"

"முத்து வெக்கிறேன்."

வெறும் தண்ணீரை வைத்து விளையாடுகிறார் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். படிகாரம் பட்ட இடம் சாயவேர்த் தண்ணீரில் கொதித்த பிறகுதான் சிவக்கும் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

கூழுக்கு முதல் நாள் துணி வந்தது. அம்மா ஆசையாகப் பிரித்தாள். கழுத்தில் ஒரு முத்து இல்லை. மூக்கில் இல்லை, காதில் இல்லை. நெற்றியிலும் கன்னத்திலும் மூக்கிலும் சிவப்புச் சிவப்பாகப் பொட்டுகள்.

"இன்னாண்ணா இது? கழுத்துல போடச் சொன்ன முத்த மூஞ்சில போட்டு வெச்சிருக்கே! உலாந்தாக்காரன் துணியில ஒரு பொட்டு பட்டா அவன் திருப்பி அனுப்புறான். எங்க அம்மன்னா உனுக்கு அவ்ளோ எளக்காரமா?"

"முத்து நெறைய வெக்கச் சொன்னே. வெச்சேன்."

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். துணியை எடுத்துக்கொண்டு துறைக்கு ஓடி, உவர்மண் போட்டுக் கசக்கினாள். நானும் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மாமாவை வாய்க்கு வந்தபடி திட்டினேன். சாயவேர்ச் சிவப்பு லேசில் போகுமா? கசக்கக் கசக்கத் துணி வெளுத்தது, பொட்டுகள் இன்னும் பளிச்சென்று ஆயின. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான்.

வேறு துணிக்கு நேரமில்லை. மறுநாள் அதையே வேப்பமரத்தில் கட்டினார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. பசியாவரத்துப் படகு வந்தது. மாப்பிள்ளையின் தாயார் இறங்கி, நேராக மரத்தடிக்குப் போய் நிமிர்ந்து பார்த்தாள். சிரிக்கப்போகிறாள் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவளோ கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "முத்துமாரி, தாயே, எங்க பசங்களக் காப்பாத்து" என்று தரையில் விழுந்து கும்பிட்டாள். அவளுடைய பிள்ளைகளில் இரண்டு பேரை அந்த அம்மைக்குத்தான் பறிகொடுத்திருந்தாள்.

அவள் எழுந்து திரும்பியபோது எதிரே மாமா நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் அக்கா, கையில் கூழ்க் கலயத்துடன். அவளை எப்படி வெளியே அழைத்துவந்தாரோ தெரியவில்லை. தலைகுனிந்து நின்றவளின் முந்தானையை மாமாவே முகத்திலிருந்து விலக்கினார்.

"மொகத்தப் பாக்கணும்னு சொன்னீங்களாமே. பாத்துக்கோங்க" என்றார்.

அந்த அம்மாள் பார்த்தாள். துணியைப் பார்த்தாள். மறுபடி அக்காவைப் பார்த்தாள். குப்பமே அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது. நைனா மட்டும் எங்கேயோ ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கூழ ஊத்து, கண்ணு" என்றாள் அவள். குடித்து முடித்ததும் அம்மன் காலடியிலிருந்த குங்குமத்தை எடுத்து அக்கா நெற்றியில் வைத்தாள். ஆவணியில் நாள் பார்க்கலாம் என்று நைனாவிடம் சொல்லிவிட்டுப் படகேறினாள்.

எல்லோரும் போன பிறகு அக்காவைத் தேடிப் போனேன். மரத்தடியில் நின்று, அம்மன் முகத்திலிருந்த பொட்டுகளை ஒவ்வொன்றாக விரலால் தடவியபடி அழுதுகொண்டிருந்தாள். படம் கெட்டுப்போனதற்குத்தான் அழுகிறாள் என்று எனக்குப் பாவமாகிவிட்டது.

"அழாதக்கா. அடுத்த வருசம் வேற ஆள வெச்சு நல்லா எழுதிக்கலாம்" என்றேன்.

அக்கா திரும்பி என் மண்டையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தாள். எதற்கு என்று எவ்வளவு யோசித்தும் எனக்குப் புரியவில்லை.