மாம்பழம், நாற்காலி, ரயில்

ஆகஸ்ட் 19, செவ்வாய்க்கிழமை. மோட்டார் போட்டு மாடித் தொட்டியை நிரப்பினேன். பால் காய்ச்சினேன். சட்டைக்கு இஸ்திரி போட்டேன். பிறகு அக்காவோடும் மாமாவோடும் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு பஸ் ஏறினேன்.

மாமா என்பது அக்கா வீட்டுக்காரர். செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் பாய்லர் ஆபரேட்டர். கொஞ்ச நாளாக மறதி. ஒருநாள் மூட வேண்டிய வால்வை மூடாமல் வந்துவிட்டார். நல்லவேளை, அடுத்த ஷிப்ட் ஆள் பார்த்தார். நரம்பியல் டாக்டரிடம் ஃபிட்னஸ் சர்டிபிகேட் வாங்கி வந்தால்தான் வேலை என்று லீவில் அனுப்பிவிட்டார்கள்.

நாங்கள் போவது மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. பெரிய டாக்டர் பார்ப்பதற்கு முன் மாணவர்கள் பார்ப்பார்கள் — ஒருவர் மாற்றி ஒருவர். மூன்று சொற்களைச் சொல்லி, சற்றுப் பொறுத்துத் திரும்பக் கேட்பார்கள். மாம்பழம், நாற்காலி, ரயில். போன தடவை மாமாவுக்கு ஒன்றும் வரவில்லை. ஆனால் மாணவர்கள் மாறினார்களே தவிர, சொற்கள் மாறவில்லை. அக்கா அதைக் கவனித்துவிட்டாள்.

அப்புறம் என்ன? வீட்டில் தினமும் டியூஷன். பஸ்ஸிலும் தொடர்ந்தது. ஆலப்பாக்கத்தில் ரயிலைத் தவறவிட்டார். முட்லூர் வருவதற்குள் பிடித்துவிட்டார்.

மாணவர்களிடம் பாஸ். பெரிய டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்ததும், கேட்பதற்கு முன்பே மாமா மூன்றையும் ஒப்பித்தார். டாக்டர் அக்காவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு நிதானமாக வேறு மூன்று சொன்னார்: குடை, சாவி, வாழைப்பூ. கை கால்களைத் தட்டிப் பார்த்தார். நடக்கச் சொன்னார். “இப்ப சொல்லுங்க, நான் என்ன சொன்னேன்?”

“மாம்பழம், நாற்காலி, ரயில்” என்றார் மாமா. கொஞ்சமும் தயங்கவில்லை.

அறையில் யாரும் சிரிக்கவில்லை.

“இன்னும் ரெண்டு வருஷம் சர்வீஸ் இருக்குதும்மா... அதான் சொல்லிக் குடுத்தேன்” என்றாள் அக்கா.

“நீ சொல்லிக் குடுத்து இவரு பாஸாயிட்டா, நான் எதுக்கும்மா வைத்தியம் பாக்கறது? பாய்லர்கிட்ட நிக்கிறவரு. அங்க போய் யாரு சொல்லிக் குடுப்பா?”

சர்டிபிகேட் இல்லை. மாத்திரை எழுதினார். ஸ்கேன் எழுதினார். வேலைக்கு அனுப்பக் கூடாது என்று அக்காவிடம் இரண்டு முறை சொன்னார்.

அக்கா மட்டுமா இப்படி? சுகர் டெஸ்ட் என்றால் முந்தின வாரமே காபியில் சர்க்கரையை நிறுத்துகிறவன் நான். நோயைக் காட்டப் போகிற இடத்தில்தான் அதை ஒளித்து வைக்க இவ்வளவு பாடுபடுகிறோம்... திரும்பி வரும்போது பஸ்ஸில் டியூஷன் இல்லை. மாமா தூங்கினார். அக்கா ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். அன்று அவர்கள் வீட்டிலேயே படுத்துவிட்டேன்.

மறுநாள் காலை முதல் வேலையாக அக்கா தெருமுனைக்குப் போனாள். மற்றவர்களை ஏற்றிப்போக வரும் கம்பெனி ஷிப்ட் வேன்காரரிடம், இனி இந்தத் தெருவில் ஹாரன் அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள். யூனிபார்மோடு வாசலில் நின்ற மாமா, “வேன் வந்துச்சா?” என்றார்.

“இன்னிக்கு லீவுங்க.”

நாளைக்கும் கேட்பார். இனி பதிலை மனப்பாடம் செய்ய வேண்டியது அக்காதான்.