சித்தியிடம் நான் சொன்ன சம்பளம்

நான் சொன்ன பொய்யை நம்பித்தான் அஞ்சலை சித்தி தன் படகை விற்றாள். விற்ற பணத்தில் மகளை மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிக்க வைத்தாள். அந்தப் படிப்பு சோறு போடாது என்று எனக்கு அப்போதே தெரியும்... தெரிந்தேதான் சொன்னேன்!

பழவேற்காடு ஏரியை ஒட்டிய எங்கள் குப்பத்தில் அந்தப் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். நான் நைனா என்று கூப்பிடும் என் அப்பா, அம்மாவின் நகைகளை விற்று, வலையை விற்று, பிறர் படகில் கூலிக்குப் போய் என்னைப் படிக்க வைத்தார். படித்து முடித்து ஓராண்டு அலைந்தேன். கடைசியில் மீஞ்சூருக்கு அப்பால் ஒரு தொழிற்சாலையில், ஒப்பந்தக்காரர் வழியாக ஹெல்பர் வேலை கிடைத்தது. பெட்டிகளை வண்டியில் ஏற்றித் தள்ள வேண்டும். அதற்குப் பட்டம் எதற்கு?

முதல் சம்பளம் வந்த அன்று, மீன் ஏலம் நடக்கும் இடத்தில் அத்தனை பேர் முன்னால் நைனா கேட்டார்: "இன்னா தர்றாங்கப்பா?"

அவர் முகத்தைப் பார்த்தேன். வாங்கியதைப்போல் மூன்று மடங்கு சொன்னேன். ஒரு நொடிதான்... அந்த நொடியிலிருந்து நான் வெளியே வரவே இல்லை. வீட்டுக்குப் பணம் குறைந்தபோதெல்லாம் "கம்பெனியில் பிடித்து வைக்கிறார்கள்" என்றேன். நம்பினார்கள்.

அஞ்சலை சித்தி அடுத்த வீடு. கணவர் இறந்த பிறகு அவருடைய ஃபைபர் படகைப் பிறருக்கு விட்டு, அதில் வரும் பங்கில்தான் அவளும் மகள் சுகன்யாவும் சாப்பிட்டார்கள். சுகன்யா பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் சித்தி என்னிடம் வந்தாள்.

"தம்பி, ஒளிக்காம சொல்லு. எவ்ளோ செலவாவும், அப்பறம் எவ்ளோ வரும்? படக வித்தாத்தான் முடியும். வித்துட்டா எங்களுக்கு வேற ஒண்ணும் இல்ல."

இதைவிடத் தெளிவாக ஒருத்தி எப்படிக் கேட்பாள்? உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் என் சம்பளத்தையும் சொல்ல வேண்டுமே! நைனா காதுக்குப் போகுமே!

"சேத்துடு சித்தி. ரெண்டே வருஷத்துல போட்ட காச எடுத்துடலாம்" என்றேன்.

அவள் என் தலையைத் தொட்டுவிட்டுப் போனாள். அந்த வாரமே படகு கரையை விட்டுப் போயிற்று.

சுகன்யா என்னைவிட நன்றாகப் படித்தாள். படித்து என்ன... ஒரு நாள் வண்டியைத் தள்ளிக்கொண்டு தொழிற்சாலை வாசலுக்கு வந்தேன். அங்கே சான்றிதழ் உறையை மார்போடு அணைத்தபடி வேலை கேட்டு நின்றவர்களில் அவளும் இருந்தாள். என் நீலச் சட்டையைப் பார்த்தாள். வண்டியைப் பார்த்தாள்.

"அண்ணா... நீங்களா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவளே சொன்னாள்: "அம்மாகிட்ட சொல்ல மாட்டேன். பயப்படாதீங்க."

அவள் என்னைத் திட்டியிருக்கலாம்! காறித் துப்பியிருக்கலாம்! பயப்படாதீங்க என்றாளே...

அங்கே அவளுக்கு வேலை கிடைக்கவில்லை. இறால் உரிக்கும் கம்பெனிக்குப் போகத் தொடங்கினாள்.

இதோடு நின்றிருந்தால் என்னைக் கோழை என்று சொல்லி முடித்திருப்பீர்கள். கேளுங்கள், இதற்குப் பிறகு நடந்ததுதான் என்னைத் தின்கிறது.

சென்ற மாதம் எங்கள் குப்பத்துப் படகுக்காரர் செல்வம் அண்ணன் சித்தி வீட்டுக்கு வந்தார். தன் மகனையும் அதே படிப்பில் சேர்க்க, தன் படகை விற்க நினைத்தார். யோசனை கேட்க என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

சுகன்யா உள்ளிருந்து வந்தாள். விரல்களில் இறால் முள் குத்திய புண்கள்.

"விக்காதீங்க மாமா. படிச்சவங்க நெறைய பேர் வேலை இல்லாமத்தான் நிக்கறாங்க. நான் படிச்சுட்டு இன்னா பண்றேன், பாக்கறீங்கல்ல?"

சித்தியின் முகம் வெளுத்தது. மகளைப் பார்க்காமல் என் பக்கம் திரும்பினாள்.

"நீ இன்னா சொல்ற தம்பி? இவ சொல்றது நெசமா?"

சுகன்யாவும் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் மிரட்டல் இல்லை. ஒரு கேள்வி மட்டுமே இருந்தது. எனக்கு அவள் திறந்துவிட்ட வாசல் அது... நுழைந்திருக்கலாம்!

நான் சொன்னது இதுதான்: "அது படிக்கறவங்களப் பொறுத்தது, சித்தி."

சித்தி மகளிடம் சீறினாள்: "கேட்டியாடி? அவனுக்குக் கெடச்சது உனக்கு ஏன் கெடைக்கல?"

சுகன்யா ஒரே ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், நான் அங்கேயே செத்திருப்பேன். அவள் அதைச் சொல்லவில்லை. தன் அம்மா முன்னால் திறமையற்றவளாக நின்றுவிட்டு உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு என்னை அண்ணா என்று அவள் கூப்பிடுவதில்லை.

நேற்றுக் காலை செல்வம் அண்ணனின் படகை வாங்க ஆட்கள் வந்தார்கள். "நம்ம இன்ஜினியரே இருக்கான், இன்ஜினப் பாத்து சொல்லுவான்" என்று குப்பத்துக்காரர்கள் என்னைப் படகில் ஏற்றினார்கள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நைனாவும் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

'விற்காதீர்கள்' என்று அப்போதும் சொல்லியிருக்கலாம்...

இன்ஜினைக் கிளப்பும் கயிற்றை இழுத்தேன். ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது.

"நல்லா இருக்கு" என்றேன்.