பிடித்துவைத்த இடக்கை

பொன்னானிக் கடற்கரையில் ரம்லத்தைப் "பாட்டு டாக்டர்" என்று கேலி செய்யாதவர்கள் குறைவு. இளவயதில் கல்யாண வீடுகளில் மணப்பெண்ணைச் சுற்றிக் கைதட்டிப் பாடும் ஒப்பனப் பாட்டு பாடியவள். கணவன் வளைகுடாவில் வேறு குடும்பம் தேடிக்கொண்ட பிறகு, கோழிக்கோட்டில் ஆறு மாதம் இசைச் சிகிச்சை படித்து, வலிநிவாரண மையத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். "நோய்க்கு மருந்து கொடுக்காம பாட்டு கொடுக்கிறாளாம்" என்று சிரிப்பார்கள். சிரிக்கிறவர்கள் ஒருநாள் வாய் கோணிப் படுத்தால் தெரியும்.

தோணிக்காரர் அவறான் அப்படிப் படுத்தவர்தான். பக்கவாதம் அவருடைய வலப்பக்கத்தோடு பேச்சையும் கொண்டுபோய்விட்டது. மிஞ்சியது ஒரே சொல். சோறு வேண்டுமா என்றால் "தோணி". ஒரே மகள் ஷஹர்பானைக் கூப்பிடவும் "தோணி". ஆனால் ரம்லத் ஒரு கல்யாணப் பாட்டை முனகியதும் மனுஷர் நான்கு வரியையும் பிசகாமல் கூடப் பாடினார். மூளையில் பேச்சு குடியிருந்த இடம் இடிந்தாலும் பாட்டு குடியிருக்கும் இடம் தப்பியிருக்கும். அந்த வழியாகச் சொல்லை வெளியே கூட்டிவருவதுதான் அவள் வேலை.

அவர் படுத்து ஒன்பது மாதத்தில் ஷஹர்பானுக்கு நிக்காஹ் நிச்சயமானது. மகளைத் தந்தேன் என்று வாப்பா தன் வாயால் சொல்ல வேண்டும்.

"பாட்டுப் பாடியா பொண்ணு குடுப்பாங்க? ஊர் சிரிக்கும். அண்ணனுக்குப் பதிலா நானே சொல்லிடறேன்" என்றார் தம்பி ஹம்சக்கோயா.

அவறான் வேகமாகத் தலையாட்டி மறுத்தார். கண் நிறைந்துவிட்டது.

"ஒரு தடவை விட்டுப் பாருங்க இக்கா. வரலேன்னா நீங்க சொல்லுங்க" என்று ரம்லத் ஹம்சக்கோயாவிடம் கெஞ்சினாள்.

ஏழு வாரம் பழக்கினாள். அவறானின் இடக்கை தொடையில் தட்டும். தட்டுக்கு ஒரு சொல்லாக ராகத்தில் வரும். தட்டு நின்றால் சொல்லும் நின்றுவிடும்.

நிக்காஹ் அன்று பந்தல் நிறைய ஆண்கள். ரம்லத்தும் ஷஹர்பானும் வீட்டுக்குள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மாப்பிள்ளை முனீர் அவறானின் எதிரே உட்கார்ந்து வலக்கையை நீட்டினான். அவறானின் வலக்கை உயிரில்லாமல் சரிந்தது. கீழே விழாதபடி ஹம்சக்கோயா அண்ணனின் இடக்கையை எடுத்து அதற்கு முட்டுக் கொடுத்துப் பிடித்துவைத்தார்.

ரம்லத் கம்பியில் நெற்றியை அழுத்தி அந்த இடக்கையையே பார்த்தாள். எத்தனை கல்யாணத்தில் பாடியிருக்கிறாள்! ஆனால் ஆண்கள் பக்கம் உட்கார்ந்து ஒரு நிக்காஹைக்கூடப் பார்த்ததில்லை. வாப்பாவின் வலக்கை மாப்பிள்ளையின் கையில் இருக்கும் என்பது தெரியும். செத்த கையைத் தாங்க இடக்கை போய்விடும் என்று புத்தியில் உறைக்கவே இல்லை.

"சொல்லுங்க" என்றார் நிக்காஹை நடத்திவைக்கும் உஸ்தாது.

அவறான் வாயைத் திறந்தார். "தோ... தோ..."

யாரோ இருமினார்கள். பின்வரிசையில் ஒரு சிரிப்பு. அவறானின் நெற்றி வியர்த்து வழிந்தது.

"போதும், அண்ணனைச் சித்திரவதை பண்ணாதீங்க. நான் சொல்றேன்" என்று ஹம்சக்கோயா முன்னால் நகர்ந்தார்.

பெண்கள் பந்தலைப் பார்த்துச் சத்தம் போடும் வழக்கமில்லை. ரம்லத் போட்டாள். "முனீரே! அந்தக் கையை நீ ரெண்டு கையாலயும் தாங்கிக்கோ! இக்கா, அவரோட இடக்கையை விடுங்க!"

பந்தலே திரும்பிப் பார்த்தது. "அடக்கமில்லாத பொம்பளை" என்று ஹம்சக்கோயா பல்லைக் கடித்தார். முனீர் அவரையும் பார்த்தான், ஜன்னலையும் பார்த்தான். பிறகு மாமனாரின் செத்த கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வாங்கிக்கொண்டான்.

இடக்கை தொடையில் விழுந்தது. ஒரு தட்டு. இன்னொன்று.

"என் மகள்..." குரல் ராகத்தில் நடுங்கி எழுந்தது. "ஷஹர்பானை... உனக்கு... நிக்காஹ்... செய்து... தந்தேன்."

"ஏற்றுக்கொண்டேன்" என்றான் முனீர். ரம்லத்தின் தோளில் ஷஹர்பான் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

உஸ்தாது துஆ ஓதி வேண்டக் கையை உயர்த்தினார். அவறானின் தட்டு நிற்கவில்லை. "ஷஹர்பான்... ஷஹர்பான்..."

ஹம்சக்கோயா அந்தக் கையைப் பிடிக்கப் போனார்.

"விடு ஹம்சா. பதினோரு மாசமா கூப்பிடாததை எல்லாம் கூப்பிட்டு முடிக்கட்டும்" என்றார் உஸ்தாது. உயர்த்திய கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.