மோர் குடிக்கும் நேரம்

நாச்சிமுத்து அண்ணன் போய்விட்டார் என்று எங்கள் கம்பெனி வேன் டிரைவர் வந்து சொன்னபோது, நான் நிட்டிங் ஷெட்டில் நின்று யாரையோ திட்டிக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியே விழுந்த காலை வெயிலில் பஞ்சுத் தூசி மிதந்துகொண்டிருந்தது. "தூக்கத்துலயே போயிட்டாருங்க" என்றார் டிரைவர். அதற்குப் பிறகு மெஷின்கள் ஓடினவா, நின்றனவா, எனக்கு நினைவில்லை. தூசி மட்டும் மெதுவாக இறங்கிக்கொண்டே இருந்தது.

திருப்பூருக்கு அவர் பனியன் கம்பெனி முதலாளி. மோட்டார் கிளப்பில் அவரோடு திரிந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, அவர் வேறு ஆள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் அருள்புரத்துக் கம்பெனியைப் பூட்டிவிட்டு, பெருமாநல்லூருக்கு வடக்கே மண் ரோடு தேடிக் கிளம்பிவிடுவார். எண்பதுகளின் கடைசியில் அவருக்கு இருந்தது ஒரே ஆசை. மண் ரோட்டில் நாம் நடத்தும் கார் ராலி ஆசியச் சாம்பியன்ஷிப் பட்டியலில் ஏற வேண்டும். ஏற்றுமதி ஆர்டர்களுக்கு வெளிநாட்டுக்கு டெலக்ஸில் செய்தி அடித்துப் பழகியவள் என்று எழுத்து வேலை என் தலையில் விழுந்தது. கார்கள் ஓடி முடிக்கும் நேரத்தைக் குறிக்கும் ஸ்டாப் வாட்சையும் என் கையிலேயே கொடுத்துவிட்டார். "நீங்க யாருக்கும் பயப்படமாட்டீங்க அம்மிணி, அதான்" என்பது அவர் சொன்ன காரணம்.

பட்டியலில் ஏறுவது லேசுப்பட்ட காரியமா? வெளிநாட்டிலிருந்து ஒரு பார்வையாளர் வந்து, டாக்டர் இருக்கிறாரா, நேரம் சரியாகக் குறிக்கிறார்களா என்றெல்லாம் பார்ப்பார். முக்கியமாக, ரோட்டில் ஈ காக்கை குறுக்கே வரக்கூடாது. ஊர்க்காரர்கள் ரோட்டை விடாததால் பட்டியலை விட்டு வெளியே போன ராலிகளும் உண்டு என்று சாம்பியன்ஷிப்காரர்கள் எழுதியிருந்தார்கள். அண்ணன் சிரித்தார். தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம் வைத்துக்கொண்டு, அந்த ரோடு நுழைந்து போகும் ஊரில் வீடு வீடாக ஏறி இறங்கினார். மகள் கல்யாணத்துக்கு அழைப்பதைப் போல, "நம்ம ராலிங்க, நீங்கதான் முன்ன நின்னு நடத்திக் குடுக்கோணும்" என்று கும்பிட்டார். ஒரு வீட்டில்கூட மறுப்பு வரவில்லை.

பார்வையாளர் வந்த அந்த நாள் இப்போதும் எனக்குக் கனவு போலத்தான் வருகிறது. ஊரைத் தாண்டிய மேட்டில் என் மேஜை. கீழே சோளக் காடு, ஓட்டு வீடுகள், அவற்றின் நடுவே வெறிச்சோடிய ரோடு. தூரத்தில் எஞ்சின் சத்தம் எழுந்தது. முதல் கார் பொன்னிறப் புழுதியை இழுத்துக்கொண்டு ஊருக்குள் நுழைந்தது. நுழைந்தது, வெளியே வரவில்லை. எழுந்து பார்த்தால், அந்த ஊர் வள்ளியக்கா நடுரோட்டில் மோர்ச் சொம்போடு நிற்கிறார், அவர் பின்னால் ஊரே நிற்கிறது. பிரேக் போட்டுச் சறுக்கிய கார் அவர் காலடியில் வந்து நின்றிருந்தது. வெளிநாட்டு ஓட்டுநர் ஹெல்மெட்டைக் கழற்றி, வாங்கிக் குடித்தார். அடுத்த காருக்கும் மோர். என் கையில் வாட்ச் ஓடிக்கொண்டே இருந்தது.

அண்ணன் ஓடினார், நானும் மேட்டிலிருந்து இறங்கி ஓடினேன். வள்ளியக்கா அவரைத்தான் கேட்டார்: "ஏனுங்க, வெத்தல பாக்கு வெச்சு அழைச்சீங்க. ஊருக்குள்ள விருந்தாளியா வர்ற ஒறம்பறய வாய் நனைக்காம அனுப்பறதுங்களா?"

பார்வையாளர் நல்ல மனிதர்தான். இந்த ரோடு வேண்டாம், ஆளில்லாத காட்டுப் பக்கம் போங்கள், இன்னொரு வருஷம் வாய்ப்புத் தருகிறேன் என்றார். நான் மொழிபெயர்த்துவிட்டு, ஒத்துக்கொள்ளுங்கள் என்று அண்ணனிடம் கெஞ்சினேன்.

"அந்தக்கா மேல ஏறியிருந்தா, அம்மிணி? என்ற ஆசைக்கு அவங்க உசுருங்களா?" என்றார். கொஞ்சம் கழித்து, "ஊரே இல்லாத ரோட்டுல ஓடறதுக்கு நம்மூர்ப் பேரு எதுக்குங்க? நாமளே வெலகிக்கலாம்" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! இத்தனை நாள் எழுதியது யார்? டெலக்ஸ் மெஷினை அடி அடியென்று அடித்துத்தான் அந்தச் செய்தியை அனுப்பினேன். அது போய்ச் சேரும்வரை அண்ணன் பக்கத்திலேயே நின்றார். பிறகு துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

ராலி நிற்கவில்லை. தொண்ணூறுகளிலும் நம் மட்டுக்கு நடந்தது. ஆனால் போட்டி ஓட்டத்தை ஊருக்கு முன்பே முடித்துவிடுவார். அங்கிருந்து கார்கள் ஊருக்குள் மெல்ல உருண்டு வரும், நிற்கும், மோர் குடிக்கும். அப்புறம்தான் அடுத்த ஓட்டம். வருஷா வருஷம் என்னிடம் வந்து, "மோர் குடிக்கற நேரத்தக் கணக்குல சேர்க்காதீங்க அம்மிணி" என்பார். எனக்குத் தெரியாதாக்கும்! ஸ்பான்சர் கைவிட்டார், மண் ரோட்டில் தார் போட்டுவிட்டார்கள் என்று எங்கோ ஒரு ராலி பட்டியலிலிருந்து விழும் செய்தி வந்தால் படித்துக் காட்டுவேன். "பாவமுங்க, அங்கயும் யாரோ ஒருத்தர் ஆசப்பட்டிருப்பாரு" என்பார். தான் இழந்ததைப் பற்றி ஒரு வார்த்தை வராது.

அவர் உடலைக் கடைசிக் காரியத்துக்காக அவருடைய தோட்டத்துக்குக் கொண்டுபோனது அந்த ரோடு வழியாகத்தான். கிளப் ஜீப்பில் நாங்கள் பின்னால் போனோம். ஊருக்குள் நுழைந்ததும் முன்னால் போன வேன் நின்றது. தலை நரைத்த வள்ளியக்கா நடுரோட்டில் நின்றார், கையில் அதே சொம்பு. தோட்டத்தில் சனம் காத்திருக்கிறது, நேரமாகிறது என்று யாரோ சொன்னார்கள்.

"பொறுங்க சாமி" என்றார் அவர். வேனில் ஏறி, விரல் நனைத்து அண்ணனின் உதட்டில் மோர் வைத்தார். ஊரில் ஒவ்வொருவராக வந்து வைத்தார்கள். எங்கள் ஜீப்பின் புழுதி வெயிலில் அப்படியே நின்றது.

பழைய ஸ்டாப் வாட்ச் என் பையில் இருந்தது. அதுவும் அவர் வார்த்தையும்தான் எனக்கு மிச்சம். வேன் கிளம்பும்வரை அதை ஓடவிடாமல் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த நேரத்தக் கணக்குல சேர்க்கலீங்கண்ணா.