ஹஜ்ஜுக்கு முன் ஒரு கடன்

பேரணாம்பட்டில் அப்துல் கஃபாருக்கு நல்ல பேர் கிடையாது. முசுடு என்பார்கள். தோல் பதனிடும் ஷாப்பில் ஆயுசில் பாதியைக் கழித்தவர், முதலாளியிடமே முறைத்துக்கொண்டு நின்ற ஆள். ஆனால் கடன்காரன் என்று மட்டும் ஒருத்தரும் அவரைச் சொன்னதில்லை. வட்டி ஹராம், தொடவே கூடாது என்பதில் ஒரே பிடி. மகள் தபஸ்ஸுமின் நிக்காஹுக்கு வங்கியில் கடன் வாங்கலாம் என்று ஊரே சொல்லியும் கேட்காமல், மனைவி ஹலீமா பீயின் வளையல்களை விற்றார். சேமிப்புக் கணக்கில் வங்கி தானாகப் போடுகிற சில்லறை வட்டியைக்கூட எடுத்து, நன்மை எதையும் எதிர்பார்க்காமல் யாராவது இல்லாதவருக்குக் கொடுத்துவிடுவார்.

இந்த வருஷம் அவருக்கு ஹஜ் பயணம் அமைந்தது. போகிறவர் முதலில் கடனையெல்லாம் அடைக்க வேண்டும். பிறகு தெரிந்தவர்களிடமெல்லாம் மன்னிப்புக் கேட்டு, தனக்குக் கெடுதல் செய்தவர்களையும் மன்னித்துவிட்டுக் கிளம்ப வேண்டும். கஃபார் மளிகைக்கடை, பால்காரர் என்று ஒரு சுற்று முடித்துவிட்டு, கங்காதரனின் டீக்கடைக்கு வந்து பாக்கியை நீட்டினார். கங்காதரன் வாங்கிப் போட்டுக்கொண்டு, கையிலிருந்த பேப்பரைத் தட்டிக் காட்டினான். நாட்டின் கடனைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துப் போட்டிருந்தார்கள்.

"இன்னும் ஒண்ணு மிச்சம் இருக்குதே பாய்," என்று சிரித்தான்.

வேறு யாராக இருந்தாலும் கூடச் சிரித்துவிட்டு டீயைக் குடித்திருப்பார்கள். கஃபார் பேப்பரைப் பிடுங்கிப் பார்த்தார். லட்சத்தைத் தாண்டிய தொகை, அதற்கு வட்டி வேறு. என்னைக் கேட்டா வாங்கினார்கள், நான் எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன் என்று கடையிலேயே கத்தினார். விளையாட்டுக்குச் சொன்னேன் என்ற கங்காதரனுக்கு, வாயை மூடு என்று பதில் கிடைத்தது.

அது நம்ம கடன் இல்லை, விடுங்க என்றாள் ஹலீமா பீ. அவர் விடுகிற ஆளா? நாடு நம்முடையது என்றால் அதன் கடனும் நம்முடையதுதான், நாளைக்கு எவனும் நம்மைப் பார்த்து நீ வேறே என்று சொல்லிவிடக் கூடாது என்றார். மக்காவில் செலவுக்கென்று வைத்திருந்த பணத்தைப் பையில் போட்டுக்கொண்டு, திங்கட்கிழமை வேலூர் கலெக்டர் ஆபீசுக்குக் கிளம்பினார். மனுவில் இருந்தது இவ்வளவுதான்: அசலில் என் பங்கைத் தவணையாகக் கட்டுகிறேன், வட்டி கட்ட மாட்டேன், ரசீது வேண்டும்.

மனுவைப் படித்த பெண் அதிகாரி கேலி செய்யவில்லை. கேலி செய்திருந்தால் சண்டை போட அவருக்கு வசதியாக இருந்திருக்கும். அப்படித் தனித்தனிக் கணக்கு யார் பேரிலும் கிடையாது என்று பொறுமையாகச் சொன்னாள்.

"நீங்க தனியா கட்ட வேணாம் பெரியவரே. சோப்பு, மாத்திரை, செல்லுக்கு ரீசார்ஜ்னு எத வாங்கினாலும் வரி கட்டுறீங்க இல்ல? அதுலேர்ந்துதான் வட்டி போவுது."

"அப்போ நான் வட்டி கட்டிக்கினா இருக்கேன்? எப்போலேர்ந்து?"

"எல்லாருந்தான் கட்றோம். நீங்க கடைக்குப் போவ ஆரம்பிச்சதுலேர்ந்து."

கஃபார் பணப்பையை மடியில் கட்டிக்கொண்டு பஸ் ஏறினார். வங்கிக்காரனை வாசலோடு அனுப்பினோம் என்று இத்தனை வருஷமும் மார்தட்டிக்கொண்டது அசிங்கமாக இருந்தது. வீட்டுக்குள் வட்டி சோப்புக் கட்டியாக வந்திருக்கிறது, ஹலீமா பீயின் சர்க்கரை மாத்திரையாக வந்திருக்கிறது. கடனை வாங்கிய மகராசர்கள் ரோடு போட்டோம், பாலம் கட்டினோம் என்பார்கள். அவர் தெருவில் மழை பெய்தால் சாக்கடை இன்றைக்கும் வாசற்படி ஏறுகிறது. கடனை வாங்கியவனுக்கு மாலை, கட்டுகிறவனுக்குத் தகவல்கூடக் கிடையாது. எரிந்துகொண்டுதான் வீட்டுக்குள் நுழைந்தார்.

கிளம்புகிற அன்று வீடு நிறைய ஜனம். கஃபார் ஒவ்வொருவர் கையாகப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். போனஸை விழுங்கிய பழைய முதலாளியை மன்னித்தார். பூர்வீக வீட்டில் பங்கு தராமல் ஏய்த்த அண்ணனைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். கங்காதரன் கண் கலங்கியபோது, நீ சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது என்று அவன் தோளைத் தட்டினார். எல்லாரையும் மனசார மன்னித்துவிட்டீர்களா என்று கேட்டுக்கொண்டே பள்ளிவாசல் ஹஸ்ரத் துஆ ஓதக் கைகளை உயர்த்தினார்.

"இல்ல ஹஸ்ரத்," என்றார் கஃபார். "என்னக் கேக்காம கடன வாங்கி, எனக்குத் தெரியாமலே என் கையால வட்டி கட்ட வெச்சாங்களே, அவங்கள மாஃப் பண்ணல. அங்க போயும் பண்ண மாட்டேன். மறுமையில அவங்க சட்டையப் புடிச்சிக் கேக்கறதுக்கு எனக்கு உரிமை இருக்கு."

ஹஸ்ரத்தின் கைகள் அந்தரத்திலேயே நின்றன. பயணம் போகிற நேரத்தில் இப்படிப் பேசலாமா என்று அண்ணன் முணுமுணுத்தார். அப்போது பெண்கள் இருந்த உள்ளறையிலிருந்து, திரைக்குப் பின்னால், ஹலீமா பீயின் குரல் தெளிவாகக் கேட்டது.

"ஆமீன்."