‘இங்கே ஏராளம்’ என்று எழுதிய கை

ராமசேஷன் சார் போய்விட்டார்.

தம்பானூரில் பஸ்ஸை விட்டு இறங்கிக்கொண்டிருந்தேன். அவர் மகள் போன். “அப்பா காலம்பற போய்ட்டார் பகவதியக்கா...” அவ்வளவுதான் சொன்னாள். ஸ்டாண்டிலேயே ஒரு தூண் ஓரமாக உட்கார்ந்துவிட்டேன்.

தெரியாதவர்களுக்காக... சார் தாவரவியல் ஆள். மகாராஜா காலத்தில் சின்ன வயதிலேயே சர்க்கார் வேலையில் சேர்ந்து, மலை மலையாக ஏறிச் செடி சேகரித்தவர். நான் அதே ஆபீசுக்கு ரொம்பப் பின்னால் வந்தவள். காய்ந்த செடிகளை அட்டையில் வைத்துத் தைக்கிற வேலை எனக்கு.

அவர் ரிட்டயர் ஆவதற்கு முன் சில வருஷம்தான் சேர்ந்து இருந்தோம். சண்டை மட்டும் கடைசி வரைக்கும் நடந்தது. என் தையல் அவருக்குப் பிடிக்காது, அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது எனக்குப் பிடிக்காது.

ஆனால் அந்த முகம் ஏன் அப்படி ஆனது என்று ஆபீசில் எல்லோருக்கும் தெரியும்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம், ஒரு ஆவணி மாசம். போனக்காடு தேயிலை எஸ்டேட்டுக்கு மேலே, மழையில் நனைந்தபடி போயிருக்கிறார். ஒரு ஈரப்பாறையில் காசித்தும்பை ஜாதியில் குட்டியாக ஒரு செடி. வெள்ளைப் பூ, நடுவில் சிவப்பாக ஒரு பொட்டு. அதுவரை அவர் பார்த்ததே இல்லை.

ஒரு செடிக்கு ஒரு ஷீட், அதாவது செடி தைத்த ஒரு அட்டை, போதாது அப்போதெல்லாம். நம் ஆபீசுக்கு ஒன்று, மதராசுக்கு ஒன்று, கல்கத்தாவுக்கு, சீமைக்கு... செட் செட்டாக அனுப்ப வேண்டும். அதுவும் வேரோடு.

பாறையில் இருந்தது மொத்தமும் கைப்பிடி அளவுதான். பக்கத்துப் பாறையில் இல்லாமலா போகும் என்று நினைத்து எல்லாவற்றையும் பெயர்த்து எடுத்துவிட்டார். இருட்டப் போகிறது, மழை வேறு... பக்கத்துப் பாறையைப் போய்ப் பார்க்கவில்லை. எஸ்டேட்டில் தேயிலை உலர்த்துகிற ரூமில் வைத்துக் காயவைத்தார். லேபலில் ஆங்கிலத்தில் எழுதினார். ‘ஈரப்பாறைகளில். இங்கே ஏராளம்.’

சீமையிலிருந்து பதில் வர யுத்தம் முடிய வேண்டியிருந்தது. ‘இது முற்றிலும் புதிய இனம். வாழ்த்துகள். காயோடு இன்னும் கொஞ்சம் அனுப்பவும்.’

ஆபீசில் பாயசம் வைத்தார்களாம். அந்த ஆவணியிலேயே சார் மலை ஏறினார். அந்தப் பாறையில் இல்லை. பக்கத்துப் பாறையிலும் இல்லை. எந்தப் பாறையிலும் இல்லை.

அதற்கு அடுத்த வருஷமும் போனார். அதற்கடுத்ததும்... அப்புறம் அதுவே அவருடைய ஆயுசாகிவிட்டது.

லேபலில் ‘ஏராளம்’ என்ற அந்த ஒரு வார்த்தையை மட்டும் அடித்துவிட அனுமதி கேட்டாராம். புதிய இனத்தின் முதல் ஷீட், அதில் ஒரு புள்ளியைக்கூடத் தொடக் கூடாது என்று மேலே சொல்லிவிட்டார்கள். வேண்டுமானால் பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டலாம். ஒட்டினார். ‘தேடினேன். காணவில்லை.’ கீழே கையெழுத்து.

வருஷத்துக்கு ஒரு சீட்டு. நான் வேலைக்கு வந்தபோது ஷீட்டில் செடியைவிட சீட்டுதான் அதிகம். இடம் போதாமல் பின்னால் இன்னொரு அட்டை சேர்த்துத் தைத்தது நான்தான். அந்தத் தையலை மட்டும் அவர் குறை சொல்லவில்லை.

ரிட்டயர்மெண்ட் பங்ஷன். அவர் கண்டுபிடித்த செடிகளைச் சொல்லிச் சொல்லி ஆளாளுக்குப் பேசினார்கள். காசித்தும்பை பேச்சும் வந்தது. சார் எழுந்து மைக்கைப் பிடித்தார்.

“அத மொதல்ல பாத்தவன் நான்தான். கடைசியாப் பாத்தவனும் நான்தான். மதி, போதும். எல்லாரும் சாப்பிடப் போங்கோ.”



ரிட்டயர் ஆன பிறகும் போவதை விடவில்லை. ஒரு தடவை நானும் கூடப் போனேன். போனக்காட்டில் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்த ஒரு அம்மா கையை நிறுத்தாமலே கேட்டாள், “என்ன ஐயா, இந்த வருசமாச்சும் கண்டீங்களா?” எஸ்டேட்டுக்கே தெரிந்திருக்கிறது... சார் மேலே நடந்தார்.

அந்தப் பாறையையும் காட்டினார். நம் வீட்டுக் கதவு அகலம்கூட இருக்காது. பாசி மட்டும் இருந்தது. முட்டி போட்டு உட்கார்ந்து உள்ளங்கையால் தடவிக்கொண்டே இருந்தார்.

செடிதானே சார், எங்காவது விதை விழுந்து முளைத்திருக்கும் என்று வரும் வழியில் சொன்னேன். சும்மா ஒரு ஆறுதலுக்கு.

“நீ பாத்தியா?” என்றார். அதன் பிறகு நான் அப்படிச் சொன்னதில்லை.

முட்டி போய், மலை ஏற முடியாமல் ஆன வருஷம். ஆவணி வந்தது, ஆளைக் காணோம். மனசு கேட்காமல் நானே ஒரு சீட்டை எடுத்துக்கொண்டு வலியசாலையில் அவர் வீட்டுக்குப் போனேன். வழக்கம்போல எழுதிக் கொடுங்க சார், ஒட்டிவிடுகிறேன் என்றேன்.

பேனாவை வாங்கினார். சீட்டை மடியில் வைத்து மூடியைத் திறந்தார். பிறகு மூடி போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“தேடினவன்தான் காணலேன்னு எழுதலாம், பகவதி. போகாம எழுதினா, அது அன்னிக்குப் பக்கத்துப் பாறைக்குப் போகாம ஏராளம்னு எழுதினேனே, அதே மாதிரி ஆயிடும்.”

அதோடு சீட்டு நின்றுவிட்டது. நானும் ரிட்டயர் ஆகிவிட்டேன். பர்ஸை எத்தனையோ தடவை மாற்றியிருக்கிறேன். அந்த வெற்றுச் சீட்டை மட்டும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே வந்தேன்.

தம்பானூரிலிருந்து ஆட்டோ பிடித்து நேரே அவர் வீட்டுக்குத்தான் போனேன். கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். வலது கை விரல் பேனா பிடிக்கிற மாதிரி மடங்கியிருந்தது.

சீட்டை எடுத்தேன். அந்தக் கையில் வைத்துவிடலாமா என்று நினைத்தேன்... வைக்கவில்லை. அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. இனிமேல் எழுதவும் ஆள் இல்லை.

வெளியே மழை விட்டிருந்தது. ஆவணி. அது பூக்கிற மாசம்.

போய்ட்டு வாங்க சார்.