மீட்டரில் எரிந்த சிவப்பு விளக்கு

என் அப்பா சுப்பராயலு திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை மண்டியில் எடை போடுபவராக இருந்தார். வீடு விழுப்புரத்தில். காலை பாசஞ்சரில் போய் மாலையில் திரும்புவார். மூட்டையின் நடுவில் தண்ணீர் தெளித்த நிலக்கடலை, அடியில் மண்ணாங்கட்டி, எடைமேடையின் ஓரத்தில் வியாபாரியின் கால் கட்டைவிரல் என எல்லாவற்றையும் பார்த்தவர். யாரையும் நம்பாமல் இருப்பதுதான் அவர் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் அந்த வேலையை விடவில்லை.

கேஸ் சிலிண்டர் வந்தால் வாசலிலேயே கொக்கித் தராசில் தொங்கவிட வேண்டும்.

"பெரியவரே, என்னையும் சேத்து எட போட்டுடுங்க" என்பார் கேஸ்காரர்.

"உன்ன எதுக்குப் போடணும்? நீ காலி சிலிண்டருன்னு பாத்தாலே தெரியுது" என்பார் அப்பா.

தை மாதத்தில் ஒரு காலை, குளியலறையில் விழுந்து இறந்தார். பக்கெட் உருளும் சத்தம் கேட்டு அம்மா கத்தியிருக்கிறார். பக்கத்து வீட்டு வெண்ணிலா அக்காவும் அவர் கணவரும் வந்து கதவை உடைத்தார்கள். மருத்துவர் மாரடைப்பு என்றார். அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தது. யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. அன்று மாலையே எரித்துவிட்டோம்.

அம்மா மட்டும் கேட்டார். அம்மா பெயர் கெங்கம்மாள். அவருடைய சந்தேகம் ஆரோக்கியராஜ் மேல். எங்கள் தெருவில் மோட்டார், கீசர், மின்விசிறி எல்லாம் பழுது பார்ப்பவர் அவர். கார்த்திகையில் எங்கள் பழைய கீசரைத் திறந்து, போர் தண்ணீர் படியவைத்த உப்பைச் சுரண்டிவிட்டுப் போனார். கருமாதி அன்று வந்தவரை அம்மா கேட்டிலேயே நிறுத்தினார்.

"நீ கைய வெச்சிட்டுப் போன. அவரு போய்ட்டாரு."

"நான் உப்பு சுரண்டனதோட சரிங்கம்மா. தண்ணி சூடு பண்ற காயில் போற நெலமையில இருக்குது, புதுசு மாட்டிடுங்கன்னு அய்யாகிட்ட சொன்னேன்."

"சொன்ன. கமிஷனுக்குச் சொன்ன. எம் புருஷன கொன்ன கையோட எம் வூட்டுச் சாப்பாட்ட தொடாத, போ."

பந்தியில் இருந்தவர்கள் அனைவரும் கேட்டார்கள். அவர் வந்த வழியே திரும்பிப் போனார். அதன் பிறகு தெருவில் யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

எனக்கும் அவர் மேல் சந்தேகம்தான். நான் வெளியூரில் ஒரு தொழிற்சாலையில் மின் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். அவசரமாக வேலை முடித்துத் திருகாணியை இறுக்காமல் போகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கருமாதிக்கு வந்த உறவினர்கள் கிளம்பியதும் மல்டிமீட்டரும் டெஸ்டரும் எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனேன். அப்பா இறந்ததிலிருந்து அம்மா அந்தக் கீசரை யாரையும் தொடவிடவில்லை. கொல்லையில் அடுப்பு மூட்டித்தான் வெந்நீர்.

ஏணியில் ஏறி மூடியைக் கழற்றினேன். ஆரோக்கியராஜின் இணைப்புகள் இறுக்கமாக இருந்தன. கறுப்பு டேப்பை ஒழுங்காகச் சுற்றியிருந்தார். காயிலைச் சோதித்தேன். மேலுறை வெடித்து, மின்சாரம் தண்ணீருக்குள் கசிந்துகொண்டிருந்தது. இது பழைய கீசர்களில் நடப்பதுதான். அப்படிக் கசிவதைத் தரைக்குள் கொண்டு போகத்தான் எர்த் ஒயர் இருக்கிறது.

எங்கள் கீசரின் எர்த் ஒயர் துண்டிக்கப்பட்டிருந்தது.

அறுந்ததல்ல, வெட்டியது. வெட்டிய முனையில் டேப் இல்லை. சணல் நூல் சுற்றியிருந்தது. கோணியின் வாயைக் கட்டுவது போல மூன்று சுற்று, ஒரு முடிச்சு, மிச்ச நூல் உள்ளே செருகல். எந்த எலக்ட்ரீஷியனும் ஒயரை அப்படிக் கட்டமாட்டார்.

இறங்கி வந்து அம்மாவைக் கேட்டேன்.

"அப்பா இந்தக் கீசர்ல கை வெச்சாரா?"

"எதுக்குடி கேக்கற?"

"சொல்லும்மா."

"வாசல்ல இருக்கற கரண்டு மீட்டர்ல ஒரு சின்ன செவப்பு லைட்டு எரிய ஆரம்பிச்சிது. அந்தப் பையன் வந்துட்டுப் போன கொஞ்ச நாளுக்கு அப்புறம். எவனோ நம்ம கரண்ட எடுத்துக்கினு இருக்கான், நம்ம தராசுல அடுத்தவன் மூட்டைன்னாரு. வெண்ணிலா வூட்டு செவுத்த எல்லாம் போய்த் தடவிப் பாத்தாரு. அப்புறம் ஒவ்வொரு சுச்சா போட்டு அணைச்சுப் பாத்தாரு. கீசர் போட்டாதான் எரியுது. ஏணி வெச்சு ஏறுனாரு. லைட்டு நின்னுபோச்சு. புடிச்சிட்டேன் கெங்கான்னு சிரிச்சிக்கினே எறங்குனாரு."

"எப்பம்மா?"

"அவரு போறதுக்கு மொத நாள் சாயங்காலம்."

அந்தச் சிவப்பு விளக்கு, மின்சாரம் கசிந்து தரைக்குப் போகிறது என்று சொல்லும் விளக்கு. எச்சரிக்கை. அப்பா அதைத் திருட்டின் அடையாளமாகப் படித்தார். மின்சாரம் மண்ணுக்குப் போவது அவர் கணக்கில் களவு. எர்த் ஒயரை வெட்டி அந்த வழியை அடைத்தார். விளக்கு அணைந்தது. கசிவு நிற்கவில்லை, தண்ணீரிலும் இரும்புக் குழாயிலும் பித்தளைத் திருகிலும் தங்கிவிட்டது. கசிந்தால் தானே அணையும் சுவிட்சும் அந்த வீட்டில் இல்லை. யாராவது அதை மாட்டச் சொல்லியிருந்தாலும் கமிஷனுக்குச் சொல்கிறார்கள் என்றுதான் அப்பா நினைத்திருப்பார்.

மாரடைப்பா மின்சாரமா என்று இனி நிரூபிக்க முடியாது. எனக்குத் தெரிந்ததை அம்மாவிடம் சொன்னேன்.

"உங்கிட்டயும் வந்து பேசிட்டானா அவன்?" என்றார் அம்மா. "அவனே வெட்டிட்டு சணல் கட்டியிருப்பான்."

"வந்து பாரு."

ஏணியில் இரண்டு படி ஏறினார். டார்ச் பிடித்தேன். அம்மா முடிச்சை விரலால் தொட்டு, செருகிய நுனியை நெம்பிப் பார்த்தார். நுனியை மறுபடி உள்ளே செருகிவிட்டு இறங்கினார்.

"யார்கிட்டயும் சொல்லாத" என்றார்.

"அப்ப ஆரோக்கியராஜ்?"

"அவனுக்கு வேற தெரு கெடைக்கும். உங்கப்பனுக்கு வேற பேரு கெடைக்குமா? ஊர ஏமாத்த விடாதவரு, தன் கையால போய்ட்டாருன்னு சிரிப்பாளுங்க."

எனக்கும் அந்தப் பேர் வேண்டியிருந்தது. ஆனால் லீவு முடிவதற்குள் அம்மா பேசவில்லையென்றால் நானே ஆரோக்கியராஜ் வீட்டுக்குப் போவது என்று முடிவு செய்திருந்தேன்.

இரண்டொரு நாள் கழித்து, மதில் மேல் தலையை நீட்டினார் வெண்ணிலா அக்கா.

"கலை, எங்க மோட்டார் ஓடல. கோலியனூர்ல யாராச்சும் ஆள் இருக்காங்களா? அந்தக் கொலகாரன வூட்டுக்குள்ள விட பயமா இருக்குது."

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். கை நின்றது.

"அவனையே கூப்புடு" என்றார்.

"ஏன்க்கா, நீதான சொன்ன?"

"நான்தான் சொன்னேன். அவன் ஒண்ணும் பண்ணல. எங்கூட்டுக்காரரே ஒயர வெட்டிக்கிட்டாரு."

வெண்ணிலா அக்கா என்னைப் பார்த்தார். நான்தான் அம்மாவை ஏதோ சொல்ல வைத்திருக்கிறேன் என்ற பார்வை. "ஆரோக்கியராஜ் வந்து கால்ல கீல்ல வுழுந்தானா?" என்றார்.

அம்மா ஈரக்கையோடு எழுந்தார். "சுத்திக்கினு இந்தப் பக்கம் வா. வந்து நீயே பாரு."

வெண்ணிலா அக்கா விவசாய வீட்டுப் பெண். ஏணியில் ஏறியதும் அவருக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. "அய்யோ, இது மூட்ட கட்றவங்க போடற கட்டாச்சே" என்றார். அம்மா ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றார்.

நான் அன்றே கீசரைக் கழற்றப் போனேன். அம்மா விடவில்லை.

"இருக்கட்டும். கருமாதி பந்தியில எத்தன பேரு கேட்டாங்களோ அத்தன பேரும் வந்து பாக்கட்டும்."

பார்த்தார்கள். சிலர் நம்பினார்கள். சிலர் வெளியே போய், மகள் படித்தவள், எதையாவது ஜோடிப்பாள் என்றார்கள். சிரித்தவர்களும் உண்டு. அம்மா ஒவ்வொருவருக்கும் அதே வார்த்தைகளைச் சொன்னார். ஒருமுறைகூட அப்பாவுக்காகச் சாக்குச் சொல்லவில்லை.

எல்லோரும் பார்த்து முடித்ததும் ஆரோக்கியராஜைப் போனில் அம்மாவேதான் அழைத்தார். அவர் புதுக் கீசரும், கசிந்தால் அணையும் சுவிட்சும் எடுத்துக்கொண்டு வந்தார். சணல் கட்டைப் பார்த்தார், ஒயரைப் பிரித்தார். அம்மா மன்னிப்புக் கேட்கவில்லை. வேலை முடியும்வரை குளியலறை வாசலை விட்டு நகரவும் இல்லை.

"இன்னும் நம்பிக்கை வர்லீங்களாம்மா?" என்றார் அவர் திரும்பாமலே.

"கீசர நம்பல. நீ எறங்கற வரைக்கும் இங்கதான் நிப்பேன்" என்று சொல்லி, அம்மா ஏணியின் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.